12 ஆண்டு குடியிருந்தால் வீடு வாடகைதாரருக்கா? கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது

வாட்ஸ்ஆப்பில் அவ்வப்போது சுற்றுக்கு வரும் செய்தி இது: “ஒரே வீட்டில் 12 ஆண்டு வாடகைக்கு இருந்தால் வீடு வாடகைதாரருக்கே சொந்தம், உச்ச நீதிமன்றம் அதிரடி.” சில மாதம் கழித்து நேர் எதிராக இன்னொன்று வரும்: “எத்தனை ஆண்டு இருந்தாலும் வாடகைதாரருக்கு உரிமை கிடையாது, உச்ச நீதிமன்றம் அதிரடி.” இரண்டிலும் அதே கட்டடத்தின் படம்தான் இருக்கும். முதல் செய்தியை நம்பும் வீட்டுக்காரர் பதினோரு மாதம் முடிந்ததும் குடித்தனக்காரரைக் கிளப்பப் பார்க்கிறார். இரண்டாவதை நம்புகிறவர், காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பிவிட்டு வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார். இந்த இருவரில் நிஜமாகவே சொத்தைப் பறிகொடுக்கும் ஆபத்தில் இருப்பவர் இரண்டாமவர்தான். அது எப்படி என்று புரிய, 12 என்ற எண் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## 12 எங்கிருந்து வந்தது

காலவரையறைச் சட்டம், 1963. எந்த வழக்கை எத்தனை ஆண்டுக்குள் போட வேண்டும் என்று பட்டியல் போட்டுச் சொல்லும் சட்டம் இது. கைமாற்றுக் கடனுக்கு மூன்று ஆண்டு என்று பலருக்கும் தெரிந்திருக்கும். அதுவும் இதில் உள்ளதுதான். நமக்கு வேண்டியவை மூன்று இடங்கள்.

1. பட்டியலின் 65ஆவது இனம்: சொத்தின் உரிமையாளர், அதைத் தன்னிடமிருந்து எடுத்து வைத்திருப்பவர்மேல் சுவாதீனம் (சொத்தைக் கையில் வைத்திருக்கும் நிலை) கேட்டுப் போடும் வழக்கு. கெடு 12 ஆண்டு. மற்றவரின் அனுபவம், அதாவது சொத்தைத் தன் கையில் வைத்து ஆளுவது, உரிமையாளருக்கு “எதிரிடையாக” மாறிய நாளிலிருந்து கணக்கு.

2. 67ஆவது இனம்: வீட்டுக்காரர் வாடகைதாரர்மேல் சுவாதீனம் கேட்டுப் போடும் வழக்கு. இதற்கும் 12 ஆண்டு. ஆனால் வாடகை உறவு முடிவுக்கு வந்த நாளிலிருந்து கணக்கு.

3. பிரிவு 27: சுவாதீன வழக்குக்கான கெடு முடிந்துவிட்டால், அந்தச் சொத்தின் மேல் உரிமையாளருக்கு இருந்த உரிமையே அற்றுப்போகும்.

மூன்றாவதுதான் இதில் விஷயம். கடனுக்கான கெடு முடிந்தால் கோர்ட்டுக்குப் போக முடியாது, அவ்வளவே; கடன் கடனாகவே இருக்கும், வாங்கியவர் மனசாட்சிப்படி கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். நிலமும் வீடும் அப்படியல்ல. கெடு போனால் உரிமையே போய்விடும். மூலப்பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கும், சொத்து இருக்காது.

இப்படிச் சொத்தைத் தன்னுடையதாக வைத்திருந்து கெடுவைக் கடத்திவிடுவதைத்தான் எதிரிடை அனுபவம் என்கிறார்கள். கோர்ட் வட்டாரத்தில் அட்வர்ஸ் பொசஷன்.

பழைய கதை ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில், சொத்தைப் பறிகொடுத்தவர் கோர்ட்டுக்கு வந்தால் “கடந்த 12 ஆண்டுக்குள் நான் சுவாதீனத்தில் இருந்தேன்” என்று அவரே நிரூபிக்க வேண்டியிருந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் திருப்பிப் போட்டது. இப்போது உரிமையாளர் தன் உரிமையைக் காட்டினால் போதும்; எதிரிடையாக 12 ஆண்டு இருந்தேன் என்பதை எதிர்த்தரப்புதான் நிரூபிக்க வேண்டும். “பன்னிரண்டு வருஷம் விட்டால் போச்சு” என்று ஊர்ப் பெரியவர்கள் பயமுறுத்துவதில் அந்தப் பழைய சட்டத்தின் வாசனை இன்னும் அடிக்கிறது.

## எதிரிடை என்றால் என்ன

சும்மா இருந்தது எதிரிடை ஆகாது. வன்முறையால் வந்ததாக இருக்கக் கூடாது, மறைவாக இருக்கக் கூடாது, உரிமையாளரின் அனுமதியோடு இருந்ததாகவும் இருக்கக் கூடாது. ரோமானியர் காலத்து அளவுகோல் இது. நம் நீதிமன்றங்கள் இன்றும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 2004இல் கர்நாடக வக்ஃப் வாரியத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான வழக்கில், எதிரிடை அனுபவம் கோருபவர் காட்ட வேண்டிய ஐந்து விஷயங்களை உச்ச நீதிமன்றம் வரிசைப்படுத்தியது:

1. எந்தத் தேதியில் சுவாதீனத்துக்கு வந்தார்.
2. எந்த வகையில் வைத்திருந்தார்.
3. அது எதிர்த்தரப்புக்குத் தெரியுமா.
4. எவ்வளவு காலம் தொடர்ந்தது.
5. வெளிப்படையாகவும் இடைஞ்சல் இல்லாமலும் இருந்ததா.

பல வழக்குகள் முதல் கேள்வியிலேயே சறுக்கிவிடும். “எங்கள் தாத்தா காலத்திலிருந்து” என்பது தேதி அல்ல. இன்னொரு சங்கடமும் உண்டு. எதிரிடை அனுபவம் கோருபவர் “சொத்து உன்னுடையதுதான், ஆனால் நான் 12 ஆண்டு எடுத்துக்கொண்டேன், நீ பேசாமல் இருந்தாய்” என்றுதான் வாதாட முடியும். ஒருபக்கம் “எனக்குக் கிரயப் பத்திரம் இருக்கிறது” என்றும், இன்னொருபக்கம் “இல்லாவிட்டால் எதிரிடை அனுபவம்” என்றும் சொல்லும்போது வாதம் தள்ளாடும். இந்த வாதத்தை வைப்பவர் பக்கம் நியாயத்தின் சாய்வு எதுவும் கிடையாது, இன்னொருவரின் உரிமையைத் தோற்கடிக்க வந்தவர் அவர் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதனால் ஐந்தையும் ஒன்றுவிடாமல் அவரே நிரூபித்தாக வேண்டும்.

யாரால் நிரூபிக்க முடியும்? வாடகைதாரரைவிடப் பக்கத்து மனைக்காரரால் முடியும். நகரத்தின் விளிம்பில் ஒரு காலி மனை. வாங்கியவர் வெளிநாட்டில். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் மாட்டைக் கட்டுகிறார், அப்புறம் முருங்கை நடுகிறார், அப்புறம் கம்பிவேலி, அப்புறம் போர் போட்டு ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. 12 ஆண்டு யாரும் வந்து ஏனென்று கேட்கவில்லை. இந்தச் சட்டம் நிஜத்தில் கடிப்பது இங்கேதான். மாட்டைக் கட்டியதும் முருங்கை நட்டதும் பெரும்பாலும் போதாது; வேலி போட்டுப் பூட்டிய தேதியும் கொட்டகைக்கு மின் இணைப்பு வாங்கிய தேதியும்தான் வழக்கில் பேசப்படும்.

இந்த இடத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. காலவரையறைச் சட்டத்தின் 15(5) பிரிவு, பிரதிவாதி இந்தியாவில் இல்லாத காலத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடும். வாதி இல்லாத காலத்தைக் கழிக்காது. ஆக்கிரமித்தவர் துபாய்க்குப் போனால் கடிகாரம் நிற்கும். உரிமையாளர் துபாயில் இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும்.

## வாடகைதாரருக்கு ஏன் பொருந்தாது

வாடகைதாரர் உள்ளே வந்ததே உரிமையாளரின் அனுமதியால். அனுமதி இருக்கும்வரை எதிரிடை கிடையாது. 12 ஆண்டு ஆனாலும் சரி, 60 ஆண்டு ஆனாலும் சரி, வாடகை வாடகைதான்.

இதற்கு மேல் இன்னொரு பூட்டும் இருக்கிறது: முரண்தடை. ஒருமுறை ஒருவரை வீட்டுக்காரர் என்று ஏற்று, சாவி வாங்கி உள்ளே போனவர், அந்த வாடகை நீடிக்கும்வரை “நான் வந்த அன்று வீடு உன்னுடையதே அல்ல” என்று சொல்லக் கூடாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இது பிரிவு 116. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் பிரிவு 122. எண் மாறியதே தவிர விதி அதேதான். உரிமையை மறுக்க வேண்டுமானால் முதலில் சாவியைத் திருப்பிக் கொடு, அப்புறம் வெளியே நின்று வழக்குப் போடு என்று 1915இலேயே பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் ஆட்சியில் நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) சொல்லிவிட்டது.

விதியில் சின்ன இடுக்கு ஒன்று உண்டு. அது தடுப்பது “வாடகை தொடங்கிய அன்று” இருந்த உரிமையை மறுப்பதை மட்டும். பின்னால் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார், உரிமை கைமாறிவிட்டது என்று வாடகைதாரர் சொல்லலாம். புதிதாக வந்து வாடகை கேட்பவரிடம் “உங்களுக்கு எப்படி வந்தது, காகிதத்தைக் காட்டுங்கள்” என்றும் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. ஆனால் அதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு கடை வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. செய்திகளில் “வாடகைதாரருக்கு உரிமையில்லை” என்று அடிபட்டது இதுதான்.

கடை 1953இல் வாடகைக்கு விடப்பட்டது. விட்டவர் இறந்தபின், 1999 தேதியிட்ட உயில்படி கடை தனக்கு வந்தது என்று அவருடைய மருமகள் வழக்குப் போட்டார். பக்கத்துக் கடையில் குடும்பத்தின் இனிப்பு, கார வியாபாரம் நடக்கிறது. அதை விரிவாக்க இந்த இடம் வேண்டும் என்பது கோரிக்கை. வாடகைதாரரின் வாரிசுகள் சொன்னது: உயில் பொய், அதோடு கடையே உங்கள் மாமனாருடையது அல்ல, அவருடைய உறவினருடையது. கீழே மூன்று நீதிமன்றங்களும் வழக்கைத் தள்ளிவிட்டன.

உச்ச நீதிமன்றம் மாற்றியது. பல பத்தாண்டாக அந்த மாமனாரிடம்தான் வாடகை போயிருக்கிறது. உறவினர் அந்தக் கடையில் தனக்கிருந்த பாத்தியதையை 1953இலேயே விட்டுக்கொடுத்த பத்திரமும் இருந்தது. வாடகைச் சீட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தவரின் வாரிசுகள், அதைக் கொடுத்தவரின் உரிமையை இப்போது கேள்வி கேட்க முடியாது. உயிலும் ஏற்கப்பட்டது. காலி செய்ய ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. இந்த வழக்கில் 12 ஆண்டு என்ற பேச்சே மையம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். முரண்தடை பற்றிய தீர்ப்பு அது. செய்தித் தலைப்பு போட்டவர்கள் அதை எதிரிடை அனுபவத் தீர்ப்பாக்கிவிட்டார்கள்.

## அப்படியானால் ஆபத்து எங்கே

67ஆவது இனத்தில். வாட்ஸ்ஆப் செய்திகள் எட்டிப் பார்க்காத இடம் இது.

வாடகை உறவு இருக்கும்வரை கடிகாரமே கிடையாது என்று பார்த்தோம். அந்த உறவு “முடிந்தால்” கடிகாரம் தொடங்கும். சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 111 அது எப்படியெல்லாம் முடியும் என்று சொல்கிறது: குறிப்பிட்ட காலம் முடிவது, காலி செய்யச் சொல்லும் நோட்டீஸின் கெடு முடிவது, வாடகைதாரர் வெளிப்படையாக வீட்டுக்காரரின் உரிமையை மறுத்து வீட்டுக்காரர் அதைக் காரணம் காட்டி எழுத்தில் முடித்துவைப்பது, இப்படிப் பல. மாத வாடகைக் குடியிருப்புக்கு நோட்டீஸ் காலம் 15 நாள்.

ஒரு கற்பனைக் கணக்கு. 2006 ஜூனில் ஒருவர் மாத வாடகைக்கு வருகிறார். 2013 மார்ச்சில் வீட்டுக்காரர் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறார். மார்ச் 31ஆம் தேதியோடு வாடகை முடிந்தது என்கிறது நோட்டீஸ். அதன்பின் வாடகை வாங்குவதில்லை. வாடகைதாரர் காலி செய்யவும் இல்லை. வீட்டுக்காரர் “பார்த்துக்கலாம்” என்று இருந்துவிடுகிறார்.

1. 2006 முதல் 2013 வரையிலான ஏழு ஆண்டுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

2. 2013 மார்ச் 31 முதல் 12 ஆண்டு. 2025 மார்ச் முடிவதற்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும்.

3. அதைத் தவறவிட்டு 2025 மே மாதம் போனால், “தாமதத்தை மன்னியுங்கள்” என்று மனுப் போட முடியாது. தாமத மன்னிப்பு மேல்முறையீடுகளுக்கும் சில மனுக்களுக்கும்தான். மூல வழக்குக்குக் கிடையாது. அதோடு பிரிவு 27 வந்து நிற்கும்.

4. நடுவில் 2019 ஏப்ரலில் வாடகைதாரர் “நான் உங்கள் வாடகைதாரர்தான், பிள்ளையின் படிப்பு முடியும்வரை இருக்க விடுங்கள்” என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தால் கதை மாறும். காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 18இன்படி, கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது எழுத்தில் தரும் ஒப்புதல் புதிய கெடுவைத் தொடங்கிவைக்கும். 2019இலிருந்து மறுபடி 12 ஆண்டு, அதாவது 2031 வரை.

வீட்டுக்காரருக்கு இதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. நோட்டீஸ் கெடு முடிந்தபின் வழக்கம்போல வாடகையை வாங்கினால், சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 116இன்படி வாடகை புதுப்பிக்கப்பட்டது என்று வாடகைதாரர் சொல்லலாம். அனுப்பிய நோட்டீஸ் செத்துப்போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாங்காவிட்டால் கடிகாரம் ஓடும். (சாட்சியச் சட்டத்தின் 116 வேறு, சொத்து மாற்றுச் சட்டத்தின் இந்த 116 வேறு. எண் ஒன்றாகப் போனதில் சட்ட மாணவர்களே குழம்புவார்கள்.) அதனால்தான் வக்கீல்கள், வாங்கும் பணத்தை வாடகை என்று சொல்லாமல் “அனுபவித்ததற்கான நஷ்டஈடு, எங்கள் உரிமைக்குப் பாதகமில்லாமல்” என்று எழுதி வாங்கச் சொல்கிறார்கள். அதைவிட நல்லது, நோட்டீஸ் அனுப்பும் முன்பே வழக்குப் போடும் முடிவையும் எடுத்துவிடுவது. நோட்டீஸ் அனுப்பிவிட்டுத் தூங்குவதைவிட, நோட்டீஸே அனுப்பாமல் மாதாமாதம் ரசீது கொடுத்து வாடகை வாங்கிக்கொண்டிருப்பது எத்தனையோ பத்திரமானது.

பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் இந்த 12 ஆண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் சொல்லிவிடலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று பதிவுச் சட்டமும் சொத்து மாற்றுச் சட்டமும் சொல்கின்றன. பதிவுச் செலவைத் தவிர்க்கப் பிறந்த வழக்கம்தான் பதினோரு மாதம். அது வீட்டைக் காப்பாற்றும் மந்திரம் அல்ல. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதினோரு மாதம் என்று எழுதினாலும் இந்தக் கடமை போகாது.

## வாடகை கொடுக்காமல் இருப்பவர்கள்

வாடகைதாரரைவிட வீட்டுக்காரர்கள் அதிகம் அஞ்ச வேண்டியது, “நம்ம ஆள்தானே” என்று காகிதமே இல்லாமல் உட்கார வைத்தவர்களைப் பற்றித்தான் என்று தோன்றும். சட்டம் இங்கே வீட்டுக்காரருக்கு ஆறுதலாகவே இருக்கிறது. அனுமதியைக் காட்டிவிட்டால் போதும்.

காவலாளி, பராமரிப்பவர்: 2012இல் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து இரண்டு வழக்குகளில் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒன்று கோவாவில் சகோதரியின் வீட்டைப் பார்த்துக்கொண்ட சகோதரன் பற்றியது. மற்றொன்று தமிழ்நாட்டிலிருந்து போனது. நந்தவனப் பரிபாலன சங்கம் ஒன்றின் சொத்தில் காவலாளியாக இருந்தவரின் மகன், அந்த இடத்தை விட மறுத்த வழக்கு. காவலாளியோ, வேலையாளோ, பராமரிப்பவரோ எத்தனை ஆண்டு இருந்தாலும் அது உரிமையாளர் சார்பில் இருந்த இருப்புதான், அதிலிருந்து உரிமை முளைக்காது என்பது முடிவு.

கிரய ஒப்பந்தம் போட்டு உள்ளே வந்தவர்: பாக்கிப் பணம் கொடுத்துப் பதிவு செய்துகொள்வதாகச் சொல்லி வந்தவரின் இருப்பும் அனுமதியால் வந்ததே. பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு “வாங்கிவிட்டேன்” என்பவருக்கு 2011இல் சூரஜ் லேம்ப் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது: பதிவான கிரயப் பத்திரம் இல்லாமல் உரிமை கைமாறாது.

ஒத்தி: மதுரையிலும் நெல்லையிலும் லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருக்கும் வழக்கம் நன்றாகவே உயிரோடு இருக்கிறது. பதிவு செய்து முறையாக எழுதிய ஒத்தி என்றால் அது அனுபவ அடமானம். பணத்தைத் திருப்பிக் கொடுத்து மீட்கும் உரிமை சொத்துக்காரருக்கு எப்போதும் உண்டு. முப்பது ஆண்டு ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் அந்த உரிமை போய்விடாது என்று 2014இல் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. தாத்தா ஒத்திக்கு வைத்த காட்டைப் பேரன் மீட்பது இப்படித்தான்.

பங்காளி: அண்ணன் பூர்வீக வீட்டில் இருக்கிறார், தம்பி சென்னையில். அண்ணன் இருப்பது தம்பிக்கும் சேர்த்து இருப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். “உனக்குப் பங்கு கிடையாது, வெளியே போ” என்று தம்பிக்குத் தெரியும்படி மறுத்து, அந்த மறுப்போடு 12 ஆண்டு கடந்தால்தான் பிரச்சினை. 1957லிருந்து உச்ச நீதிமன்றத்தின் நிலை இதுவே. தீபாவளிக்குத் தம்பி வந்து அதே வீட்டில் தங்கிவிட்டுப் போவதுகூட இங்கே சாட்சிதான்.

## ரசீதுகள் என்ன சொல்கின்றன, என்ன சொல்வதில்லை

சொத்து வரி ரசீது, இ.பி. கார்டு, குடிநீர் வரி, ரேஷன் கார்டு. தகராறு வந்ததும் இவற்றை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். இவை ஒருவர் அங்கே இருந்தார் என்பதைக் காட்டும், எந்தத் தேதியிலிருந்து என்பதைக் காட்டும். உரிமையைக் காட்டாது. பட்டாவும் அப்படியே: வருவாய்த் துறைப் பதிவில் பெயர் மாறுவது வரி வசூலுக்கான ஏற்பாடு, அதனால் சொத்துரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. வாடகைதாரர் தன் பெயரில் சொத்து வரி கட்டி ரசீது வைத்திருப்பதால் வீடு அவருடையது ஆகாது. ஆனாலும் அதைக் கண்டும் காணாமல் விடக் கூடாது. எதிரிடை என்று கதை கட்டும்போது முதல் செங்கல் அதுவாகத்தான் இருக்கும்.

வருமான வரிக் காகிதங்களோ வேறு விதமாகப் பேசும். பலரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

1. சம்பளக்காரரான வாடகைதாரர், வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்குக் கேட்டு ஒவ்வொரு ஆண்டும் அலுவலகத்தில் வாடகை ரசீது கொடுக்கிறார். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணையும் எழுதுகிறார். “நான் வாடகைதாரர், இன்னார் என் வீட்டுக்காரர்” என்று அவரே ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் அது.

2. மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேல் போனால் வாடகைதாரர் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். 2024 அக்டோபர் முதல் இது 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. கட்டிய விவரம் வீட்டுக்காரரின் வரிக் கணக்கில் வந்து நிற்கும். வாடகை உறவுக்கு இதைவிட உறுதியான தடயம் தேட வேண்டியதில்லை.

3. வீட்டுக்காரர் தன் வரிக் கணக்கில் வாடகை வருமானத்தைக் காட்டியிருந்தால் அதுவும் அவர் பக்கச் சாட்சி.

மூன்றாவதில்தான் பல வீட்டுக்காரர்கள் தாங்களே குழி தோண்டிக்கொள்கிறார்கள். வாடகையை ரொக்கமாக வாங்குவது, ரசீது தராமல் இருப்பது, கணக்கில் காட்டாமல் விடுவது. பராமரிப்புக்கென்று 30 சதவீதத்தைச் சட்டமே கழித்துக்கொள்ளச் சொல்கிறது; மீதிக்குக் கட்ட வேண்டிய வரியை மிச்சம் பிடிக்கப்போய், பத்து வருடம் கழித்து “இவர் என் வாடகைதாரர்” என்று நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் நிற்கிறார்கள். பத்திரம் இருப்பதால் உரிமை நிற்கும், சரி. ஆனால் “வாடகையே கொடுத்ததில்லை, நானாக வந்து உட்கார்ந்தேன்” என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது, அனுமதியைக் காட்ட அந்தச் சீட்டு வேண்டும்.

## கேடயமா, வாளா

எதிரிடை அனுபவத்தை வைத்து ஒருவர் தானே வழக்குப் போடலாமா, அல்லது தன்மேல் வழக்கு வந்தால் தற்காப்பாக மட்டும்தான் சொல்லலாமா? 2013இல் பஞ்சாபின் சிர்தலா கிராமத்துக் குருத்வாராவுக்கும் ஊராட்சிக்கும் இடையிலான வழக்கில், தற்காப்புக்கு மட்டும்தான் என்றது உச்ச நீதிமன்றம். 2019 ஆகஸ்ட் 7இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 12 ஆண்டு முடிந்து உரிமையாளரின் உரிமை அற்றுப்போனால், அந்த உரிமை அனுபவித்தவருக்கு வந்துசேர்கிறது. பின்னால் யாராவது அவரைக் கிளப்பினால், அவர் வாதியாக வந்து கேட்கலாம். “12 ஆண்டு இருந்தால் சொந்தம்” செய்திக்குப் புத்துயிர் கொடுத்தது இந்தத் தீர்ப்புதான். ஆனால் எதிரிடை என்பதற்கான நிபந்தனைகளில் ஒன்றையும் அது தளர்த்தவில்லை. வாடகைதாரர்களுக்குப் புதிதாக எதையும் கொடுக்கவும் இல்லை.

சட்டமே நியாயமா என்ற கேள்வியும் உண்டு. அக்கறையில்லாத உரிமையாளரைத் தண்டித்து, ஊரறிய ஆக்கிரமித்தவருக்குப் பரிசு கொடுக்கும் இந்தச் சட்டம் அறிவுக்கும் தர்க்கத்துக்கும் ஒவ்வாதது, மாற்றுவது பற்றி யோசியுங்கள் என்று 2008இல் உச்ச நீதிமன்றமே அரசுக்குச் சொன்னது. 2023இல் 22ஆவது சட்ட ஆணையம் தன் 280ஆவது அறிக்கையில், மாற்றம் தேவையில்லை என்று முடித்துவிட்டது. ஆகவே 65ஆவது இனம் அப்படியே இருக்கிறது.

## அரசும் கோயிலும்

அரசு நிலத்தை ஆக்கிரமித்தவர்மேல் அரசு வழக்குப் போட 12 அல்ல, 30 ஆண்டு கெடு. மறுபக்கம், மக்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு எதிரிடை அனுபவம் பேசலாமா? ஹரியானாவில் காவல் துறை தனியார் நிலம் ஒன்றில் இருந்துகொண்டு இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. காக்க வேண்டியவர்களே ஆக்கிரமிப்பவர் வேடம் போடுவதா என்று 2011இல் கடுமையாகக் கண்டித்து நீதிமன்றம் தள்ளியது. 2020 ஜனவரியில் இமாசலப் பிரதேசத்து வழக்கு: 1967-68இல் சாலை போட நிலத்தை எடுத்துக்கொண்டு, இழப்பீடே தராமல் இருந்துவிட்டு, எழுதப் படிக்கத் தெரியாத எண்பது வயது மூதாட்டி கேட்டபோது “42 ஆண்டாக எங்களிடம்தான் இருக்கிறது, எதிரிடை அனுபவம்” என்றது மாநில அரசு. மக்கள்நல அரசு தன் குடிமக்களுக்கு எதிராக இந்த வாதத்தை எடுக்கவே கூடாது என்று சொல்லி, நிலம் முறைப்படி கையகப்படுத்தப்பட்டதாகவே கருதி இழப்பீடு தர உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம்.

தமிழ்நாட்டில் இன்னொரு விதிவிலக்கு இருக்கிறது. இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 109ஆவது பிரிவு, கோயில் சொத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரையறைச் சட்டமே பொருந்தாது என்கிறது. கோயில் மனையில் அடிமனை வாடகை கட்டி மூன்று தலைமுறையாக வீடு கட்டி வாழ்பவர்கள் மயிலாப்பூர் முதல் மதுரை வரை ஏராளம். அவர்களுக்கு 12 ஆண்டும் கிடையாது, 30 ஆண்டும் கிடையாது. வக்ஃப் சொத்துக்கு 1995ஆம் ஆண்டு வக்ஃப் சட்டத்தின் 107ஆவது பிரிவு இதே பாதுகாப்பைக் கொடுத்திருந்தது. 2025ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது.